பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளும் ஆவணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் உள்ள பழைய கடிதத்தையோ சுவடியையோ ஒளிப்படத்தையோ பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விடையளித்திருக்கிறேன். கட்டணம், வேலை நேரம் போன்றவை மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, எளிதில் மாறாத நடைமுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சிறப்புத் தொகுப்பு என்றால் என்ன? நூலகத்தில் உள்ள மற்ற புத்தகங்களுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ஒரு நூல் தொலைந்தால் இன்னொரு படியை வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். 1710-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் முதல், பிரிட்டனில் அச்சாகும் நூல்களின் படியைப் பெறும் உரிமை கேம்பிரிட்ஜ் நூலகத்துக்கு இருந்து வருகிறது. இன்று அங்கே 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு அலமாரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி வேறு நூலகங்களிலும் கிடைக்கும் அச்சு நூல்களே. ஆனால் நியூட்டன் தம் கையால் எழுதிய கணக்குக் குறிப்புகளும், சார்லஸ் டார்வினின் நோட்டுப் புத்தகங்களும், 1015-இல் நேபாளத்தில் பனையோலையில் எழுதப்பட்டு நுண்ணிய ஓவியங்கள் தீட்டப்பட்ட பௌத்த நூலான அஷ்டசாஹஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதையின் சுவடியும் ஒன்றே ஒன்றுதான். அவற்றுக்கு மாற்று இல்லை.

இத்தகையவற்றைத் தனியே பிரித்து, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் வைத்து, கண்காணிப்பு உள்ள வாசிப்பறையில் மட்டும் பார்க்கத் தருவதே சிறப்புத் தொகுப்பு. வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது, அலமாரிக்கு நடந்து சென்று நாமே எடுக்கவும் முடியாது. கேட்டால் கொண்டு வந்து தருவார்கள்.

அரிய நூல், கையெழுத்துப் படி, ஆவணம் எல்லாம் ஒன்றுதானே? ஏன் தனித்தனிப் பெயர்கள்?

ஒன்றல்ல. அரிய நூல் அச்சானது. 1933-இல் இந்நூலகத்துக்குக் கொடையாக வந்த குட்டன்பர்க் பைபிளைப் போன்றது. கையெழுத்துப் படி கையால் எழுதப்பட்ட தனிப் பொருள். ஆவணத் தொகுதி என்பது ஒரு மனிதரோ நிறுவனமோ தம் அன்றாட வேலையின் போக்கில் உருவாக்கிச் சேர்த்துவைத்த கடிதங்கள், கணக்குகள், வரைவுகள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றின் முழுத் திரட்டு. ராயல் கிரீனிச் வானாய்வகத்தின் பதிவேடுகள் கேம்பிரிட்ஜில் இருப்பது அந்த வகை.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நூலைத் தலைப்பால் தேடலாம். ஆவணத் தொகுதியில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் தலைப்பு இருக்காது. பெரும்பாலும் ஒரு பெட்டி, ஒரு கட்டு, ஒரு கோப்பு என்ற அளவிலேயே விவரம் எழுதப்பட்டிருக்கும். ஆவணக் காப்பாளர்கள் தாள்களைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்குவதும் இல்லை. அவற்றை உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையைக் கூடியவரை அப்படியே காக்கிறார்கள். எந்தக் கடிதத்துக்கு அடுத்து எந்தக் கணக்குத் தாள் இருந்தது என்பதே சில வேளைகளில் ஆய்வாளருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சான்று.

நான் பேராசிரியர் இல்லை, ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அவ்வளவுதான். என்னையெல்லாம் உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். என்னிடம் வரும் கேள்விகளில் என்னை மிகவும் வருத்துவது இதுவே, ஏனென்றால் கேட்பவர்களில் பலர் விண்ணப்பிக்காமலேயே விலகிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் வாசகருக்கும் நூலக அட்டை வழங்கும் ஏற்பாடு உண்டு. நீங்கள் யார் என்பதற்கும் எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கும் சான்று, எந்தப் பொருளை எதற்காகப் பார்க்க வேண்டும் என்ற விளக்கம் ஆகியவையே அடிப்படைத் தேவை. பதவியைவிட, தேவை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையே பார்க்கிறார்கள்.

பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள். “இந்தியா தொடர்பான ஆவணங்களைப் பார்க்க விரும்புகிறேன்” என்று எழுதினால் பயனுள்ள பதில் வராது. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த மனிதர், பட்டியலில் நீங்கள் கண்ட எண் எது என்று எழுதினால், அந்தத் தொகுதியை நன்கு அறிந்த ஒருவர் நீங்கள் கேட்காத பெட்டிகளையும் சுட்டிக்காட்டுவார். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று தயங்க வேண்டாம். சிறிய வாக்கியங்களில் எழுதிய கடிதமே அவர்களுக்கும் வசதி.

கணிதமேதை ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில்தானே இருக்கின்றன?

இல்லை. கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழக நூலகம் வேறு, கல்லூரிகளின் நூலகங்கள் வேறு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி நூலகமும் தனி விதிகளும் உண்டு, பலவற்றுக்குத் தனி ஆவணக் காப்பகமும் உண்டு. ஒன்றின் அனுமதி மற்றொன்றில் செல்லாது.

ராமானுஜனின் தாள்கள் பிரிந்து கிடக்கும் விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய புகழ்பெற்ற மூன்று நோட்டுப் புத்தகங்களின் மூலங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. அவற்றை 1957-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒளிப்பட நகலாக வெளியிட்டது. அவர் 1919-இல் நாடு திரும்பிய பின், 1920 ஏப்ரலில் மறையும் வரை எழுதியவற்றைப் பெரும்பகுதியாகக் கொண்ட தாள்கள் வேறொரு வழியில் சென்றன. அவர் விட்டுச்சென்ற தாள்களை 1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் அவரோடு பணியாற்றிய கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பியது. ஹார்டியிடமிருந்து அவற்றில் ஒரு பகுதி கணித அறிஞர் வாட்சனிடம் சென்றது. வாட்சன் 1965-இல் இறந்த பிறகு, அவர் வீட்டில் குவிந்திருந்த காகிதங்களிலிருந்து அவை மீட்கப்பட்டு, 1968 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள ரென் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், வாட்சனின் காகிதங்களைப் பார்க்கச் சென்றபோது அந்தத் தாள்களைக் கண்டு, அவை என்னவென்று உணர்ந்தார். 130-க்கும் மேற்பட்ட பக்கங்களில் 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன. ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என்று இன்று அழைக்கப்படுவது அதுவே.

ஆகவே காகிதத்தை எழுதியவரின் பெயரில் மட்டும் தேடுவதோடு நின்றுவிடாதீர்கள். அது யார் யார் கையில் இருந்தது, யார் வீட்டிலிருந்து நூலகத்துக்கு வந்தது என்று கேட்டு அந்தப் பெயர்களிலும் தேடுங்கள்.

இணையத்தில் உள்ள பட்டியலில் தேடினேன், என் ஊரின் பெயருக்கு ஒன்றும் வரவில்லை. அப்படியானால் ஒன்றும் இல்லை என்றுதானே பொருள்?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். இரண்டாம் விடையில் சொன்னதுபோல, விவரம் பெரும்பாலும் பெட்டி அளவில்தான் இருக்கும். உங்கள் ஊர் பெட்டிக்குள் இருக்கும் நாற்பதாவது கடிதத்தில் வரலாம். கேம்பிரிட்ஜில் ஆவணங்களுக்கென்று ‘ஆர்க்கைவ்சர்ச்’ என்ற தனிப் பட்டியல் இருக்கிறது, கல்லூரிகள் பலவற்றின் விவரங்களும் அதில் உண்டு. அச்சு நூல்களுக்கான பட்டியலில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று திரும்பியவர்கள் பலர்.

எழுத்துக்கூட்டலும் பெருந்தடையாகும். தஞ்சாவூரை ‘டேஞ்சூர்’ என்றும், தூத்துக்குடியை ‘டூட்டிகோரின்’ என்றும், தரங்கம்பாடியை ‘டிராங்கிபார்’ என்றும், இலங்கையைச் ‘சிலோன்’ என்றும் எழுதிய காலத்துத் தாள்கள் அவை. பட்டியலைத் தயாரித்தவர் தாளில் கண்டபடியே பதிந்திருப்பார். பழைய வடிவங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மாவட்ட ஆட்சியர், மிஷனரி, நில அளவையாளர், தோட்ட உரிமையாளர் எனத் தாளை உருவாக்கியிருக்கக் கூடியவரின் பெயரில் தேடுவது இன்னும் நல்ல பலன் தரும். 1993-இல் இந்நூலகத்துக்கு வந்த ராயல் காமன்வெல்த் சங்கத் தொகுப்பில் இந்தியா, இலங்கை தொடர்பான ஒளிப்படங்கள் ஏராளம். அவற்றில் பல, ஆல்பத்தை வைத்திருந்த குடும்பத்தின் பெயரிலேயே பதியப்பட்டுள்ளன.

வாசிப்பறையில் என்னென்ன கட்டுப்பாடுகள்? வெள்ளைக் கையுறை போட வேண்டுமா?

பையும் மேலங்கியும் தண்ணீர்ப் புட்டியும் வெளியே வைக்கப்பட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டுமே. மை சிந்தினால் அதை நீக்க வழியில்லை. மடிக்கணினி வைத்துக்கொள்ளலாம். கட்டமைப்பு தளர்ந்த நூலை மேசையில் முழுதாக விரிக்காமல், பஞ்சுத் தாங்கிகளின்மேல் சாய்வாக வைத்து, துணியுறை இட்ட எடைச் சரத்தைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து வாசிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு பெட்டியும், அதிலிருந்து ஒரு கோப்பும் மட்டுமே திறந்திருக்க வேண்டும். தாள்களின் வரிசையை ஒருபோதும் மாற்றக் கூடாது. வரிசை தவறியிருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலும் நீங்களே சரிசெய்யாமல் பணியாளரிடம் சொல்லுங்கள்.

கையுறை பற்றித் திரைப்படங்கள் தவறான எண்ணத்தை விதைத்துவிட்டன. காகிதத்துக்கும் தோல் தாளுக்கும் நன்கு கழுவி உலர்த்திய வெறும் கையே பாதுகாப்பானது. கையுறை அணிந்தால் விரலின் உணர்வு குறையும், பழைய தாளின் ஓரம் கிழியும். ஒளிப்படங்களுக்கும் கண்ணாடித் தகடுகளுக்கும் உலோகப் பொருள்களுக்கும் மட்டும் கையுறை தருவார்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்களே, இனி நேரில் போக வேண்டிய தேவை என்ன?

எல்லாவற்றையும் போடவில்லை. கேம்பிரிட்ஜின் எண்ணிம நூலகத்தில் நியூட்டன், டார்வின் தாள்களும் சமஸ்கிருதச் சுவடிகள் பலவும் உயர்தரப் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மொத்த இருப்போடு ஒப்பிட்டால் அது சிறு பகுதியே. உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே அங்கிருந்தால் பயணச் செலவு மிச்சம். முதலில் அதைப் பார்த்துவிடுவதே முறை.

ஆனாலும் படத்தில் தெரியாதவை உண்டு. கெய்ரோ கெனிசா தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், எழுத்துள்ள தாளை எறியாமல் நூற்றாண்டுக் கணக்கில் ஓர் அறையில் சேர்த்துவைத்திருந்தார்கள். சாலமன் ஷெக்டர் 1896-97-இல் அங்கு சென்று கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவை ஏறத்தாழ 1,93,000 துண்டுகள். அவற்றில், 12-ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பல ஆண்டுகள் வாழ்ந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் இருக்கின்றன. தென்னிந்தியக் கடல் வணிகத்தைப் பற்றி அந்தக் காலத்து வணிகர்களே எழுதிக்கொண்ட மிளகுக் கணக்கும் இரும்புக் கணக்கும் வெண்கலப் பட்டறைக் கணக்கும் நமக்குக் கிடைப்பது இவற்றால்தான்.

பென் யிஜுவுக்கு அரேபியத் துறைமுகமான ஏடனில் இருந்த நண்பர்கள் காகிதத்தைப் பரிசாக அனுப்பினார்கள், ஏனென்றால் அவர் இருந்த இடத்தில் காகிதம் அரிது. வந்த கடிதத்தின் பின்புறத்திலும் வரிகளுக்கிடையே எஞ்சிய வெற்றிடத்திலும் அவர் தம் கணக்கையும் குறிப்புகளையும் எழுதினார். முன்பக்கத்தை மட்டும் படித்தவருக்கு ஏடன் வணிகரின் கடிதம் தெரியும். தாளைத் திருப்பிப் பார்த்தவருக்கே மலபாரில் இருந்தவரின் அன்றாடம் தெரியும். படத்தில் இருபுறமும் இருக்கிறதா, ஓரங்கள் வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மடிப்பின் தடம், மையின் வேறுபாடு, தாளின் கனம் ஆகியவை உங்கள் வாதத்துக்குத் தேவை என்றால் நேரில்தான் போக வேண்டும்.

கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா? எடுத்த படத்தை என் நூலில் போடலாமா?

இவை இரண்டு தனிக் கேள்விகள். சொந்த ஆய்வுக்காக, படிவம் நிரப்பி ஒப்புதல் பெற்று, ஒளிப்பாய்ச்சு (ஃபிளாஷ்) இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். ஒவ்வொரு படத்திலும் பெட்டியின் அல்லது சுவடியின் எண் தெரியும்படி ஒரு துண்டுச் சீட்டை வைத்து எடுங்கள். எண் இல்லாத படக்குவியலோடு ஊர் திரும்பி, எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் திண்டாடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நூலில் வெளியிடுவதற்கு நூலகத்தின் அனுமதி வேண்டும். பதிப்புரிமை வேறொருவரிடம் இருந்தால் அவருடைய அனுமதியும் வேண்டும். கடிதத் தாள் நூலகத்தின் உடைமையாக இருக்கலாம், ஆனால் அதில் உள்ள சொற்களின் உரிமை எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கும். பிரிட்டன் சட்டத்தில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு: 1969-க்கு முன் இறந்த ஒருவர் எழுதி, 1988-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 ஆகஸ்டு வரை வெளியிடப்படாமல் இருந்த எழுத்துகளுக்கு, அவர் எத்தனை நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்தவராயினும், பொதுவாக 2039 இறுதி வரை பதிப்புரிமை நீடிக்கிறது. பழையது என்பதால் உரிமை தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் உள்ள நூலகத்தில் இருக்கும் வெளியிடப்படாத எழுத்துக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகச் சலுகை தருகிறது. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தால் ஆய்வுக்காகவோ வெளியிடும் நோக்கத்தோடோ படியெடுப்பதற்கு அதில் இடம் உண்டு.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் தர மறுக்கிறார்கள். இது நியாயமா?

காரணத்தைக் கேளுங்கள், அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. உயிரோடு இருக்கக்கூடியவரின் மருத்துவ, ஊழியர், மாணவர் விவரங்கள் உள்ள கோப்புகள் மூடிவைக்கப்படும். பிறந்த நாளிலிருந்து 100 ஆண்டு வாழ்நாள் என்று கொண்டு கணக்கிடுவது பிரிட்டனில் வழக்கம். கொடுத்தவர் குறிப்பிட்ட ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கலாம். தாள் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கலாம். அப்போது படத்தையோ நுண்படச் சுருளையோ தருவார்கள்.

நிபந்தனை எந்த ஆண்டோடு முடிகிறது என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். காரணமே சொல்லப்படாவிட்டால், அந்தத் துறையின் தலைவருக்கு மீண்டும் எழுதுவதில் தவறில்லை.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் டார்வின் நோட்டுப் புத்தகங்கள் காணாமல் போனது எப்படி?

2000-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் படமெடுப்பதற்காக வெளியே எடுக்கப்பட்ட இரண்டு நோட்டுப் புத்தகங்கள், 2001 ஜனவரியில் நடந்த வழக்கமான சரிபார்ப்பில் தம் இடத்தில் இல்லை. அவற்றில் ஒன்றில்தான் 1837-இல் டார்வின் வரைந்த, உயிரினங்கள் கிளைத்து வந்ததைக் காட்டும் உயிர்மரத்தின் முதல் கோட்டோவியம் இருக்கிறது. இடம் மாறி வைக்கப்பட்டிருக்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு முழுத் தேடல் நடத்தி, திருட்டாக இருக்கலாம் என்று 2020 நவம்பரில் பகிரங்கமாக அறிவித்தார்கள். 2022 மார்ச்சில், நூலகத்துக்குள்ளேயே, கண்காணிப்புக் கேமரா இல்லாத பொது இடத்தில், ஓர் இளஞ்சிவப்புப் பரிசுப் பைக்குள் அவை நல்ல நிலையில் வைக்கப்பட்டிருந்தன.

இதில் நான் கவனிப்பது அந்த அறிவிப்பைத்தான். காணாமல் போனதை மறைக்கும் நூலகத்தில் பொருள் திரும்பி வரும் வாய்ப்பே குறைவு. உங்கள் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போதும், ஒரு கோப்பை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கச் சொல்லும்போதும், அதை உங்கள் மீதான ஐயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடிக்குறிப்பில் எப்படிக் காட்டுவது?

நகரம், நூலகம், தொகுதியின் பெயர், எண், தாள் எண் என்ற வரிசை போதும். சுவடி எண்ணை அவர்கள் எழுதும் வடிவத்திலேயே எழுதுங்கள். முதல் விடையில் சொன்ன நேபாளச் சுவடி ‘எம்எஸ் ஆட். 1643’, டார்வினின் தாள்கள் ‘டார்’ என்ற தொடக்கத்தோடும், ஷெக்டர் கொண்டுவந்த துண்டுகள் ‘டி-எஸ்’ என்ற தொடக்கத்தோடும் குறிக்கப்படுகின்றன. இணையப் படத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நேரில் பார்த்ததாகத் தோன்றும்படி எழுதுவது முறையல்ல.

இவையெல்லாம் நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து எடுத்துச் சென்றவைதானே? திருப்பிக் கேட்டால் என்ன?

ஒவ்வொரு பொருளும் எப்படி வந்தது என்பதைத் தனித்தனியே ஆராயாமல் ஒரே விடை சொல்ல முடியாது. கெனிசா துண்டுகளை ஷெக்டர் கெய்ரோவின் யூதச் சமூகத் தலைவர்களின் ஒப்புதலோடு கொண்டுவந்தார். நேபாளச் சுவடிகளில் பெரும்பகுதி, 1870-களில் காத்மாண்டுவில் பிரிட்டிஷ் மருத்துவராக இருந்த டேனியல் ரைட் வழியாக வாங்கப்பட்டவை. வாங்கியது என்றாலும், ஒரு பேரரசின் அதிகாரி வாங்கும்போது விற்றவருக்கு மறுக்க எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வி எஞ்சவே செய்கிறது. பறித்துச் சென்றது என்று தெளிவாகத் தெரிந்தால் திருப்பித் தருவதே சரி. கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி, இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனினிலிருந்து 1897-இல் கொள்ளையிடப்பட்ட வெண்கலச் சேவலை 2021 அக்டோபரில் நைஜீரியாவிடம் ஒப்படைத்தது.

ஆகவே, கேட்க விரும்புவோர் முதலில் அந்தப் பொருளின் கைமாறிய வரலாற்றைக் கேட்டு எழுதுங்கள். நான்காம் விடையில் ராமானுஜனின் தாள்களுக்குச் செய்ததுபோல, யார், எப்போது, யாருக்கு, எந்த முறையில் கொடுத்தார் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் காட்டினால்தான் உரிமைக் கோரிக்கை நிற்கும்.

எங்கள் தாத்தா எழுதிய கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் பரணில் கிடக்கின்றன. அவற்றை இப்படிப்பட்ட நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வெளிநாட்டை முதலில் நினைக்க வேண்டாம். அந்தத் தாள்களைப் படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் மாவட்டத்திலும் மாநிலத்திலும்தான் இருக்கிறார்கள். உங்கள் பகுதிப் பல்கலைக்கழகத்தையோ, கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற இடத்தையோ கேளுங்கள். ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோதும், அதைக் கடல் கடத்தாமல் தமிழ்நாட்டிலேயே வைத்து நுண்படம் எடுக்க ஏற்பாடு செய்தது. அந்த முடிவு மிகச் சரியானது என்பது என் எண்ணம்.

அதுவரை எதையும் பிரித்து அடுக்காதீர்கள். கட்டு கட்டாக இருந்தால் கட்டாகவே இருக்கட்டும். ஒட்டு நாடா ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் தாளை நிரந்தரமாகக் கெடுக்கும். துருப்பிடித்த குண்டூசியைக்கூட வலிந்து இழுக்க வேண்டாம். நீர் ஒழுகாத, கரையான் எட்டாத, வெயில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டு, எந்தக் கட்டு பரணில் எந்த மூலையில் எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி அதனுடனே வையுங்கள். கொடுக்கும் நாளில், உரிமை முழுவதையும் கொடுக்கிறீர்களா, வைப்பாக மட்டும் தருகிறீர்களா, யாரைப் பற்றிய கடிதங்களை எந்த ஆண்டு வரை மூடிவைக்க வேண்டும் என்பவற்றை எழுத்து ஒப்பந்தமாக்கி, அதில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.